புகை கெடுதல்தான், அப்புறம் எதற்குச் சண்டை?

சிகரெட் உடம்புக்குக் கெடுதல் என்பதை அந்தப் பாக்கெட்டிலேயே அச்சடித்துத்தான் விற்கிறார்கள். இதைவிட வெளிப்படையாக முடிந்துபோன விவாதம் வேறு இருக்காது என்று தோன்றும். ஆனால் புகையிலை ஆய்வுகளின் பக்கம் எட்டிப் பார்த்தால் அங்கே இன்னும் அடிதடிதான். பிறர் விடும் புகை எவ்வளவு ஆபத்து? பொது இடத்தில் புகைக்கத் தடை போட்டதால் மாரடைப்பு குறைந்ததா? புகையிலையை எரிக்காமல் பேட்டரியில் ஆவியை உண்டாக்கித் தரும் இ-சிகரெட் பழைய சிகரெட்டை விட நல்லதா, இல்லை புது வலையா? பட்டம் பெற்றவர்கள், பல வருடம் இதிலேயே ஊறியவர்கள், எதிரெதிரே நிற்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு இரண்டு தப்பான முடிவுகள் சுலபமாக வந்துவிடும். "எல்லாம் முடிவான விஷயம், கேள்வி கேட்பவன் கம்பெனியின் கைக்கூலி" என்பது ஒன்று. "இவர்களுக்கே ஒத்துப்போகவில்லை, ஆகவே சிகரெட் கெடுதல் என்பதும் சந்தேகம்தான்" என்பது இன்னொன்று. இரண்டிலும் விழாமல் இருக்க ஒரே ஒரு சங்கதியைப் பிடித்துக்கொண்டால் போதும். அது அளவு. ஒரு விளைவு எத்தனை மடங்கு பெரியது என்பதைப் பொறுத்துத்தான் அதை எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதும் இருக்கிறது. எங்கிருந்து இது புரிய வந்தது என்று பார்க்க 1950க்குப் போக வேண்டும்.

காக்கையும் பனம்பழமும்

பிரிட்டனில் நுரையீரல் புற்றுநோய் கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஏன் என்று கண்டுபிடிக்க ரிச்சர்ட் டால் என்ற மருத்துவரும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளரும் இறங்கினார்கள். டாலுக்கு முதலில் சந்தேகம் சிகரெட்மீது இல்லை. சாலையில் ஊற்றும் தார்மீதும் மோட்டார் வாகனப் புகைமீதும்தான். மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 709 பேரையும், அதே வயதில் வேறு நோயோடு படுத்திருந்த 709 பேரையும் எடுத்து, ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். புற்றுநோய் வந்த 649 ஆண்களில் வாழ்க்கையில் புகைக்காதவர்கள் வெறும் 2 பேர். மற்ற 649 ஆண்களில் 27 பேர். இன்றைக்கு இந்த எண்களைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் காலத்து ஆண்கள் ஏறக்குறைய எல்லாரும் புகைத்தார்கள் என்பதுதான். ஆனாலும் வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது. ஆய்வு முடிவதற்குள் டால் தன் சிகரெட்டை விட்டுவிட்டார்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இது ஏன் இருக்கக் கூடாது? நோயாளியிடம் போய்க் கேட்டால், நோய் வந்த பயத்தில் அவர் தன் பழக்கத்தைக் கூட்டிச் சொல்லலாமே? கேட்பவரும் தனக்கு வேண்டிய பதிலுக்காகத் துருவலாமே? இதற்கு அந்த ஆய்வுக்குள்ளேயே அழகான ஒரு பதில் இருந்தது. கேள்வி கேட்ட சமயத்தில் நுரையீரல் புற்றுநோய் என்று நினைத்து, பிறகு இல்லை என்று தெரியவந்த சில நோயாளிகள் இருந்தார்கள். அவர்களுடைய புகைப்பழக்கம் மற்ற நோயாளிகளைப் போலத்தான் இருந்தது. புற்றுநோயாளிகளைப் போல இல்லை. பயமோ துருவலோ காரணமாக இருந்திருந்தால் அவர்களும் அந்தப் பக்கம்தான் சேர்ந்திருப்பார்கள்.

அதோடு விடவில்லை. நோய் வந்தவர்களிடம் பழையதைக் கேட்பதற்குப் பதிலாக, நன்றாக இருப்பவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, காத்திருந்து பார்க்கலாம் இல்லையா? 1951இல் பிரிட்டனின் மருத்துவர்களுக்கே கடிதம் எழுதினார்கள். 40,000க்கும் மேற்பட்டவர்கள் பதில் போட்டார்கள். அவர்களில் ஆண்களை ஐம்பது வருடம் பின்தொடர்ந்து, 2004இல் வந்த அறிக்கை சொன்னது இது: விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாகவே இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு அதில் 3 வருடம் திரும்பக் கிடைத்தது. 50இல் விட்டவர்களுக்கு 6, 40இல் விட்டவர்களுக்கு 9, 30இல் விட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட முழுவதும்.

அதற்கிடையே 1950களின் கடைசியில் ஒரு பெரிய தலை எதிர்த்து நின்றது. ரொனால்ட் ஃபிஷர். நவீனப் புள்ளியியலையே கட்டி எழுப்பியவர்களில் ஒருவர். தீராத பைப் பிரியர். புகையிலை உற்பத்தியாளர்களுக்குச் சம்பளம் வாங்கும் ஆலோசகராகவும் இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர் கேட்ட கேள்வியை அதற்காகத் தள்ளிவிட முடியாது. புகைக்கத் தூண்டுவதும் புற்றுநோயைத் தருவதும் பிறவியிலேயே வரும் ஏதோ ஒரு மரபணுத் தன்மையாக இருந்தால்? அப்போது சிகரெட் வெறும் பார்வையாளர்தானே?

இதற்கு 1959இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் அவருடைய சகாக்களும் சொன்ன பதிலைத்தான் இந்தத் துறையிலேயே ஆகச் சிறந்த வாதம் என்பேன். அவர்கள் ஃபிஷரின் மரபணுவைத் தேடிப் போகவில்லை. இருப்பதாகவே வைத்துக்கொள்வோம், அது எப்படி இருந்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். புகைப்பவர்களுக்கு நோய் 9 மடங்கு அதிகம் என்றால், அந்த ஒளிந்திருக்கும் காரணியும் புகைக்காதவர்களை விடப் புகைப்பவர்களிடம் குறைந்தது 9 மடங்கு அதிகமாகக் காணப்பட வேண்டும். புகைக்காத 100 பேரில் 10 பேருக்கு அது இருந்தால், புகைக்கும் 100 பேரில் 90 பேருக்கு இருந்தாக வேண்டும். 20 பேருக்கு இருந்தால்? 100 பேரில் 180 பேருக்கு! அப்படி ஒரு தன்மை நடக்கிற காரியமா? யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

இந்தக் கணக்கு மனதில் நின்றுவிட்டால் மீதிக் கட்டுரை சுலபம்.

மடங்கு சிறுத்தால்

1981இல் ஜப்பானின் டகேஷி ஹிராயாமா, தாங்கள் புகைக்காத 91,540 மனைவிமார்களைப் பதினான்கு வருடம் கவனித்து எழுதினார். கணவன் அதிகமாகப் புகைத்தால் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுகிறது என்றது அவருடைய கட்டுரை. அதன் பின் பல நாடுகளில் பல ஆய்வுகள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது இன்று சொல்லப்படும் கணக்கு: பிறர் புகைக்கு இடையே வாழ்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் 20 முதல் 30 சதவீதம் அதிகம். அதாவது சுமார் 1.25 மடங்கு.

இப்போது கார்ன்ஃபீல்டின் கணக்கை இதற்குப் போட்டுப் பாருங்கள். ஒளிந்திருக்கும் காரணி 9 மடங்கு வேண்டாம், 1.25 மடங்கு அதிகமாக இருந்தாலே போதும். அப்படிப்பட்டவை எத்தனை வேண்டும்? புகைப்பவர் இருக்கும் வீட்டில் வருமானம் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். சாப்பாட்டில் காய்கறி குறைவாக இருக்கலாம். "நான் புகைத்ததே இல்லை" என்று சொன்னவர்களில் சிலர் இளமையில் புகைத்து மறைத்திருக்கலாம். புகைப்பவரை மணந்தவர்களில் அப்படிப்பட்டவர்கள் அதிகம் இருக்கவும் வாய்ப்பு உண்டு. 9 மடங்கை அசைக்கவே முடியாத இந்தச் சில்லறைத் தவறுகள் 1.25 மடங்கை உருவாக்கிவிடவும் முடியும், அழித்துவிடவும் முடியும்.

அப்படியானால் பிறர் புகை ஆபத்து என்பது பொய்யா? இல்லை. இங்கே நம்பிக்கை வேறு வழியாக வருகிறது. புகைப்பவரின் நுரையீரலைக் கெடுக்கும் அதே பொருள்கள்தான் பக்கத்தில் இருப்பவரின் மூக்கிலும் போகின்றன. புகைக்காதவரின் ரத்தத்தில், புகையிலையில் இருக்கும் நிக்கோடின் உடைந்து உண்டாகும் கோட்டினின் என்ற பொருளை அளந்தே காட்டலாம். புகை கூடக் கூட அபாயமும் கூடுகிறது. பெரும்பாலான ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஒவ்வொரு ஆய்வும் தனித்தனியே பலவீனமானதுதான். எல்லாம் சேரும்போது முடிவு நிற்கிறது. அது உண்மை என்பதற்கும், அந்த 1.25 என்ற எண் துல்லியமானது என்பதற்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது. சண்டை பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள்தான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "25 சதவீதம் அதிகம்" என்றால் நூறில் இருபத்தைந்து பேருக்கு நோய் வரும் என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். ஒரு உதாரணத்துக்கு, வழக்கமாக ஆயிரத்தில் 4 பேருக்கு வரும் ஒரு நோய் 5 பேருக்கு வந்தால் அதுவே 25 சதவீத அதிகரிப்பு. தனி மனிதருக்கு அது சிறிய ஆபத்து. ஆனால் கோடிக்கணக்கான பேர் அந்தப் புகையில் இருக்கும்போது மொத்தச் சாவுக் கணக்கு லட்சங்களைத் தொடும். ஒருவர் முதல் வாக்கியத்தைச் சொல்லி "பயப்படாதே" என்பார், இன்னொருவர் இரண்டாவதைச் சொல்லி "தடை போடு" என்பார். இருவரிடமும் இருப்பது ஒரே எண்தான்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கதை இதற்கு நல்ல பாடம். பிறர் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று 1992இல் அது ஓர் அறிக்கை தயாரித்தது. முடிவு வெறும் தற்செயல் இல்லை என்று ஏற்க எவ்வளவு உறுதி வேண்டும் என்பதற்கு வழக்கமாக இந்த மாதிரி ஆய்வுகளில் 95 சதவீத நம்பிக்கை எல்லையை வைப்பார்கள். அறிக்கை அதைவிடத் தளர்வான 90 சதவீதத்தை வைத்தது. புகை நன்மை செய்யும் என்று யாரும் சொல்லவில்லை, தீமையின் பக்கத்தை மட்டும் சோதித்தால் போதும் என்பது அவர்கள் தரப்பு நியாயம். முடிவு தெரிந்த பிறகு கோல்கம்பத்தை நகர்த்திவிட்டார்கள் என்றது எதிர்த்தரப்பு. 1998இல் ஒரு நீதிபதி அறிக்கையின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தார். 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதுவும் அறிவியலைத் தொடாமல், வழக்கே செல்லாது என்ற சட்டக் காரணத்துக்காக. 20 மடங்கு விளைவாக இருந்தால் 90ஆ 95ஆ என்ற பேச்சே எழுந்திருக்காது.

சந்தேகம் விற்றவர்கள்

சரி, நியாயமான சந்தேகத்தைக் கேட்டாலே ஏன் இந்தத் துறையில் இவ்வளவு கோபம் வருகிறது? அதற்குக் காரணம் உண்டு. 1953 டிசம்பரில் அமெரிக்க சிகரெட் கம்பெனித் தலைவர்கள் நியூயார்க்கில் ஒரு ஓட்டலில் கூடினார்கள். 1954 ஜனவரி 4 அன்று 400க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் வந்தது: உங்கள் ஆரோக்கியம் எங்களுக்கு முக்கியம், ஆனால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை, நாங்களே பணம் போட்டு ஆராய்கிறோம். அதன் பின் பல பத்தாண்டுகள் அந்தப் பணம் போனது பெரும்பாலும் பேச்சைத் திசைதிருப்பும் ஆய்வுகளுக்கு. 1969இல் ஒரு கம்பெனியின் உள்குறிப்பு, சந்தேகம்தான் நம் சரக்கு என்றே எழுதி வைத்தது. 1998இல் அமெரிக்காவின் 46 மாநிலங்களோடு கம்பெனிகள் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்த மாதிரிக் காகிதங்கள் லட்சக்கணக்கில் பொதுவெளிக்கு வந்தன.

அதே வருடம் வந்த ஓர் ஆய்வு, பிறர் புகை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்ட 106 மதிப்பாய்வுக் கட்டுரைகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 39 கட்டுரைகள் கெடுதல் இல்லை என்றன. அந்த 39இல் 29ஐ எழுதியவர்கள் புகையிலைத் தொழிலோடு தொடர்புடையவர்கள். இதைப் பார்த்த பிறகு, அந்தப் பக்கத்திலிருந்து வரும் எதையும் படிக்கவே மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவர்மேல் எனக்குக் கோபம் வராது.

ஆனாலும் அங்கேயும் ஒரு சிக்கல். 2003இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த தம்பதிகளைப் பற்றிய நீண்ட காலத் தரவை வைத்து, கணவன் அல்லது மனைவியின் புகையால் பெரிய பாதிப்பு தெரியவில்லை என்ற கட்டுரை வந்தது. கடைசிக் கட்டத்தில் புகையிலைத் தொழிலின் பணம் வாங்கப்பட்டிருந்தது. ஆத்திரக் கடிதங்கள் குவிந்தன. பாதிக் கடிதங்கள் பணத்தைப் பற்றியே பேசின. உண்மையில் அந்தக் கட்டுரையின் பெரிய ஓட்டை வேறு: தரவு 1959இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் அலுவலகம், ரயில், சினிமாக் கொட்டகை என்று எங்கும் புகை. வீட்டில் புகை இல்லாதவர்கூடப் புகைக்குள்தான் வாழ்ந்தார். ஒப்பிடுவதற்குச் சுத்தமான ஒரு கூட்டமே இல்லாதபோது வித்தியாசம் எப்படித் தெரியும்? பணம் எங்கிருந்து வந்தது என்பது எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று காட்டும்; எது தப்பு என்பதை ஆய்வைப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2013இல் அந்த இதழ், புகையிலைப் பணத்தில் நடந்த ஆய்வுகளை இனிமேல் வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்தது.

நல்ல பக்கத்தின் கெட்ட எண்கள்

எதிரி பொய் சொன்னான் என்பதால் நம் பக்கம் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது. 2002இல் அமெரிக்காவின் ஹெலினா என்ற சிறு நகரில் பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது. ஆறு மாதத்தில் வழக்கு ஒன்றால் தடை நின்றுபோனது. அந்த ஆறு மாதத்தில் மாரடைப்பால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 40 சதவீதம் குறைந்தார்கள் என்று ஒரு கட்டுரை வந்தது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. உள்ளே போய்ப் பார்த்தால், வழக்கமாகச் சுமார் 40 பேர், அந்த முறை 24 பேர். எண்ணிக்கை இவ்வளவு சிறியதாக இருந்தால் எந்தக் காரணமும் இல்லாமலே வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும்.

அதன் பின் பெரிய இடங்களில் அளந்தார்கள். ஸ்காட்லாந்தில் 17 சதவீதம். 2007இல் இங்கிலாந்து முழுவதும் தடை வந்தபோது, ஏற்கெனவே மாரடைப்பு குறைந்துகொண்டே வந்ததைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 2.4 சதவீதம். அமெரிக்கா முழுவதற்குமான தரவைத் துழாவிய இன்னொரு குழு ஒரு வேலை செய்தது: தடை வந்த ஊர்களையும் வராத ஊர்களையும் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டுப் பார்த்தது. சில ஜோடிகளில் மாரடைப்பு ஹெலினாவைப் போலவே தடாலென்று குறைந்திருந்தது. ஏறக்குறைய அதே எண்ணிக்கையிலான ஜோடிகளில் தடாலென்று கூடியும் இருந்தது! கூடிய ஊரைப் பற்றி யார் கட்டுரை எழுதுவார்? குறைந்த ஊர்தானே செய்தியாகிறது.

இதனால் தடை வீண் என்று ஆகிவிடாது. இங்கிலாந்தின் 2.4 சதவீதம் என்பதே ஒரே வருடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். பிறர் புகையைச் சுவாசிக்காமல் வேலை பார்க்கும் உரிமை ஒருவருக்கு இருக்கிறது என்றால் அதற்கு மாரடைப்புக் கணக்கே தேவையில்லை. 40 சதவீதம் என்ற கொடியை உயர்த்திப் பிடித்தவர்கள்தான், அது 2.4 ஆனபோது எதிரிக்குத் தாங்களே வாய்ப்புக் கொடுத்தார்கள்.

இ-சிகரெட்

இன்றைக்கு மிகவும் சூடான சண்டை இதுதான். இதில் புகையிலைக் கம்பெனிக்கும் மருத்துவர்களுக்கும் இடையே மட்டுமல்ல, புகையிலை எதிர்ப்பாளர்களுக்குள்ளேயே பிளவு.

பிரிட்டனில் மைக்கேல் ரஸல் என்ற மனநல மருத்துவர் 1970களிலேயே ஒன்று சொன்னார்: மனிதர்கள் நிக்கோடினுக்காகப் புகைக்கிறார்கள், சாவதோ தாரால் (சாலைத் தார் அல்ல, புகையிலை எரியும்போது உண்டாகும் பிசுபிசுப்பான கசடு). நிக்கோடின் அடிமைப்படுத்தும், எரிந்த புகையிலையின் புகைதான் பெரும்பாலும் கொல்லும். அப்படியானால் எரிக்காமல் நிக்கோடினை மட்டும் கொடுத்தால் என்ன? தீங்கு குறைப்பு என்ற சிந்தனையின் வேர் இது. 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, இ-சிகரெட்டின் தீங்கு சிகரெட்டை விட 95 சதவீதம் குறைவு என்று அறிவித்தது. அந்த எண் அளந்து வந்ததல்ல. ஒரு சிறு நிபுணர் குழு கூடி, தங்கள் மதிப்பீட்டில் மதிப்பெண் போட்டுச் சொன்னது. குறைவு என்பதில் பெரும்பாலோருக்குச் சந்தேகம் இல்லை. 95 என்ற துல்லியம்தான் தொண்டையில் சிக்குகிறது. பல வருட உபயோகத்தின் விளைவு தெரியப் பல வருடம் ஆக வேண்டுமே.

மறுபக்கமும் சறுக்கியது. 2019இல் அமெரிக்க இதய சங்கத்தின் இதழ் ஒன்றில், இ-சிகரெட்டால் மாரடைப்பு வருகிறது என்ற கட்டுரை வெளியானது. அந்தத் தரவில் இருந்த சிலருக்கு, அவர்கள் இ-சிகரெட்டைத் தொடுவதற்கு முன்பே மாரடைப்பு வந்திருந்தது! மறு வருடமே கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

சந்தேகப்படுபவர்களை வெறும் பழமைவாதிகள் என்று ஒதுக்கவும் முடியாது. அவர்களுக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது: "லைட்" சிகரெட். ஃபில்டரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் போட்டிருப்பார்கள். அளக்கும் இயந்திரம் இழுக்கும்போது அந்தத் துளை வழியாகக் காற்று கலந்து, தார் குறைவாகக் காட்டும். மனிதர் இழுக்கும்போதோ விரலும் உதடும் துளையை மூடிவிடும். நிக்கோடின் போதாவிட்டால் இன்னும் ஆழமாக இழுப்பார். விட்டுவிட வேண்டும் என்று நினைத்த பலர் அதற்குப் பதிலாக லைட்டுக்கு மாறி நிம்மதியடைந்தார்கள். தீங்கு குறைந்தது என்று ஒருமுறை நம்பி ஏமாந்தவர்களுக்கு இரண்டாவது முறை அதே வார்த்தையைக் கேட்டால் எப்படி இருக்கும்?

இளைஞர்கள் விஷயத்தில் ஒரு வேடிக்கை. இ-சிகரெட்டைத் தொட்ட பதின்ம வயதினர் பிறகு சிகரெட் பிடிக்கும் வாய்ப்பு, தொடாதவர்களை விடச் சுமார் 3, 4 மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டின. இது சிகரெட்டுக்குப் போகும் வாசல் என்றார்கள் ஒரு தரப்பினர். இல்லை, எதையும் துணிந்து செய்து பார்க்கும் குணமுள்ள பிள்ளைகள் இரண்டையும்தான் தொடுவார்கள் என்றார்கள் மறுதரப்பினர். அடையாளம் தெரிகிறதா? ஃபிஷரின் அதே வாதம்! அன்று 9 மடங்குக்கு முன்னால் தோற்ற வாதத்துக்கு, 3 மடங்குக்கு முன்னால் இன்னும் உயிர் இருக்கிறது. அதே சமயம், அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளிடம் இ-சிகரெட் ஏறிய வருடங்களில் சாதா சிகரெட் பழக்கம் குறைந்துகொண்டே போனது. வாசல் என்று ஒன்று இருந்தால், அதன் வழியே போனவர்கள் மொத்தக் கணக்கை மாற்றும் அளவுக்கு இல்லை என்று இதை வைத்து வாதிடுவார்கள். என்னைக் கேட்டால் இந்த இடத்தில் அவர்கள் கை கொஞ்சம் ஓங்கியிருக்கிறது.

எண் முடிந்து விருப்பம் தொடங்கும் இடம்

ஒரே ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இங்கிலாந்து, சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு இ-சிகரெட்டை இலவசமாகவே கொடுக்கும் திட்டத்தை 2023இல் அறிவித்தது. இந்தியா 2019லேயே அதை முற்றிலும் தடை செய்துவிட்டது. ஒரு நாடு இப்போது புகைத்துக்கொண்டிருக்கும் நடுவயதுக்காரரை முதலில் பார்க்கிறது, இன்னொன்று இன்னும் தொடாத பிள்ளையை. யார் முதலில் என்பதை எந்த ஆய்வும் சொல்லித் தராது.

வரியும் அப்படித்தான். விலை 10 சதவீதம் ஏறினால் பணக்கார நாடுகளில் விற்பனை சுமார் 4 சதவீதம் குறைகிறது என்பது பல இடங்களில் பார்த்த கணக்கு. ஆனால் விடாதவர் கட்டும் வரி, ஏழையின் வருமானத்தில் பெரிய துண்டு. ஏழைதான் அதிகம் விடுகிறார், ஆகவே அவருக்குத்தான் அதிக நன்மை என்பது பதில். வரி ஏற ஏறக் கள்ளச்சந்தை வளரும் என்பது அதற்கு மறுபதில். சின்னமோ வண்ணமோ இல்லாத வெற்றுப் பாக்கெட்டை ஆஸ்திரேலியா 2012இல் கொண்டுவந்தது. கூடவே பெரிய எச்சரிக்கைப் படங்கள், வரி உயர்வு என்று எல்லாம் வந்ததால், எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரிப்பது பெரும்பாடு. புகைப்பவர்களின் விகிதம் குறைந்ததில் பாக்கெட் மாற்றங்களின் பங்கு மூன்று வருடத்தில் 0.55 சதவீதப் புள்ளி என்று அரசின் மதிப்பீடு கணக்கிட்டது. சிறிய எண். திரும்பவும் அதே கதைதான்: சிறிய எண், பெரிய சண்டை.

எண்களால் தீராத சண்டைக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 2001இல் ஒரு சிகரெட் கம்பெனி செக் குடியரசில் ஓர் அறிக்கை தயாரிக்க வைத்தது. புகைப்பவர்கள் சீக்கிரம் இறந்துவிடுவதால் ஓய்வூதியமும் முதியோர் மருத்துவச் செலவும் மிச்சம், ஆக அரசுக்கு லாபம் என்றது அது. கணக்கில் ஓட்டை இருந்ததா என்பதைப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. அப்படி ஒரு கணக்கைப் போட்டதற்கே உலகம் கொதித்தது. கம்பெனி மன்னிப்புக் கேட்டது.

நியூசிலாந்து 2022 டிசம்பரில் ஒரு சட்டம் போட்டது: 2009 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு, அவர்கள் எத்தனை வயதானாலும், சிகரெட் விற்கக் கூடாது. 2023இல் தேர்தல் வந்து ஆட்சி மாறியது. அந்தத் தடை நடைமுறைக்கு வரும் முன்பே, 2024 பிப்ரவரியில் நீக்கப்பட்டது. அந்தப் பதினான்கு மாதங்களில் சிகரெட்டைப் பற்றிய அறிவியலில் எதுவும் மாறியிருக்கவில்லை.